ஐம்பது பேர், இருபத்திரண்டு நிமிடம்

2004 ஜூலை 31 அன்று அமெரிக்காவின் கார்ட்டூன் நெட்வொர்க்கில் ‘ஜஸ்டிஸ் லீக் அன்லிமிடெட்’ தொடர் தொடங்கியது. முதல் அத்தியாயத்திலேயே ஒரு கூட்டம் நடக்கிறது. பூமியைச் சுற்றிவரும் வாட்ச்டவர் என்னும் விண்வெளி நிலையத்தின் பெரிய கூடம். முன்னால் சூப்பர்மேன் நிற்கிறார். எதிரே முகமூடியும் மேலங்கியும் கவசமுமாக ஐம்பதுக்கும் மேற்பட்ட நாயகர்கள். இனி அவரவர் இஷ்டத்துக்குப் பறந்துபோய்ச் சண்டை போட முடியாது, யார் எங்கே போகவேண்டும் என்பதைக் கட்டுப்பாட்டு அறையில் இருக்கும் மார்ஷியன் மேன்ஹன்ட்டர் தீர்மானிப்பார் என்பதுதான் சூப்பர்மேன் பேச்சின் சாரம். வீரவசனம் குறைவு, நிர்வாகம் அதிகம்.

சிறுவர்களுக்கான சாகசத் தொடர் இப்படித் தொடங்குவது வழக்கமில்லை. ஆனால் அடுத்த இரண்டு ஆண்டுகளில் இந்தத் தொடர் சொல்லப்போகும் கதைக்கான விதை இந்தப் பேச்சில்தான் இருக்கிறது. நல்லவர்கள் சிலர் சேர்ந்தால் அது நட்பு. ஐம்பது பேர் சேர்ந்து, தலைக்கு மேலே ஒரு கோட்டையும் கட்டிக்கொண்டால் அது ஓர் அமைப்பு. அமைப்பு என்று வந்துவிட்டால் அதற்கு யார் கணக்குக் கேட்பது? நாயகர்களின் எண்ணிக்கையைப் பெருக்கியதால் வந்த சிக்கலை மறைக்காமல், அதையே கதைப்பொருளாக ஆக்கிக்கொண்டதுதான் இந்தத் தொடரின் சாமர்த்தியம் என்பது என் கருத்து.

கதை 1992இல் தொடங்குகிறது. அந்த ஆண்டு செப்டம்பரில் வந்த பேட்மேன் அனிமேஷன் தொடர், புரூஸ் டிம் என்ற ஓவியரின் பாணியை உலகுக்கு அறிமுகப்படுத்தியது. 1996இல் சூப்பர்மேன், 1999இல் எதிர்கால பேட்மேனைப் பற்றிய ‘பேட்மேன் பியாண்ட்’ என்று ஒன்றோடொன்று பிணைந்த தொடர்கள் வந்தன. 2001 நவம்பரில் ‘ஜஸ்டிஸ் லீக்’ வந்தபோது அதில் ஏழே பேர்: சூப்பர்மேன், பேட்மேன், வொண்டர் வுமன், ஃபிளாஷ், கிரீன் லான்டர்ன், மார்ஷியன் மேன்ஹன்ட்டர், ஹாக்கேர்ள். கிரீன் லான்டர்னாக ஜான் ஸ்டூவர்ட் என்ற கறுப்பினத்தவரைத் தேர்ந்தெடுத்ததும், வழக்கமாக இடம்பிடிக்கும் அக்வாமேனை ஒதுக்கிவிட்டு இரண்டாவது பெண்ணாக ஹாக்கேர்ளைச் சேர்த்ததும் தற்செயல் அல்ல. வெள்ளை ஆண்களின் மன்றமாக அது தெரியக்கூடாது என்று டிம்மின் குழு முன்பே யோசித்திருந்தது.

அந்தத் தொடரின் 52 அத்தியாயங்களில் ஏறக்குறைய எல்லாமே இரண்டு பாகக் கதைகள். 2004 மே மாதம் வந்த மூன்று பாக இறுதிக்கதையில் ஹாக்கேர்ள் தன் கிரகத்துக்காக உளவு பார்த்தவள் என்று தெரியவருகிறது. அந்நியப் படை பூமியைப் பிடிக்கிறது. அதைத் தடுக்க பேட்மேன் வாட்ச்டவரையே எதிரியின் எந்திரத்தின் மேல் மோதி அழிக்கிறார். ஏழு பேருக்கும் இடையில் இருந்த நம்பிக்கை உடைந்து, ஹாக்கேர்ள் அணியை விட்டே போய்விடுகிறார். இதுதான் முடிவு என்று நினைத்துத்தான் அதை எடுத்தார்கள். பிறகு தொலைக்காட்சி நிறுவனம் மேலும் அத்தியாயங்கள் கேட்டபோது, பழைய ஏழு பேரை அப்படியே ஒட்டவைக்காமல், வாட்ச்டவரைப் புதிதாகக் கட்டிக் கதவை முழுதாகத் திறந்துவிட்டார்கள். இந்த நாயகர்களின் படக்கதைகளை வெளியிடும் டிசி காமிக்ஸின் கிடங்கில் தூங்கிக்கொண்டிருந்த பாத்திரங்கள் எல்லாம் உள்ளே வந்தன. கூடவே வடிவமும் மாறியது. பெரும்பாலும் ஒரு கதைக்கு ஓர் அத்தியாயம், அதற்கு விளம்பரம் போக இருபத்திரண்டு நிமிடம்.

கல்யாண வீட்டுக்கு வந்த உறவுக்காரர்கள் எல்லாரையும் ஒரே புகைப்படத்தில் அடைப்பது போன்ற வேலை இது. இதற்கு முன்னால் முயன்றவர்கள் பெரும்பாலும் ஆளுக்கொரு வசனம் கொடுத்துத் தப்பித்தார்கள். இந்தக் குழு வேறு வழியைப் பிடித்தது. ஓர் அத்தியாயத்துக்கு இரண்டு, மூன்று பேர் மட்டுமே முக்கியம். மற்றவர்கள் பின்னணியில் நடப்பார்கள், உணவுக்கூடத்தில் சாப்பிடுவார்கள், அவ்வளவுதான். பேசும் பாத்திரம் என்றால் குரல் நடிகர் வேண்டும், சம்பளம் வேண்டும். நடைபாதையில் கடந்துபோகிற பாத்திரத்துக்கு ஓவியம் மட்டும் போதும். அதனால் தொடர் முழுக்க வந்தும் வாய் திறக்காத நாயகர்கள் ஏராளம். ரசிகர்கள் அவர்களையும் அடையாளம் கண்டு பெயர் சொல்லிப் பட்டியல் போட்டார்கள் என்பது இன்னொரு வேடிக்கை.

இங்கே டிம்மின் ஓவியப் பாணி கைகொடுத்தது. கோடுகள் குறைவு. அகன்ற தோள், சதுரத் தாடை, நிழலாகப் பார்த்தாலே ஆள் யார் என்று தெரிகிற உருவ அமைப்பு. தசைநார்களைத் தனித்தனியாக வரைந்து காட்டும் காமிக்ஸ் பாணியில் ஐம்பது பேரை அசையவைத்திருந்தால், படங்களை அசைவாக்கும் வேலையைச் செய்த தென் கொரிய ஸ்டுடியோக்கள் திணறிப்போயிருக்கும். கோடு குறைந்ததால் கூட்டம் சாத்தியமாயிற்று. அந்தந்த முகத்துக்கேற்ற குரலைத் தேடிப்பிடித்த வேலை குரல் இயக்குநர் ஆண்ட்ரியா ரொமானோவுடையது. 1992இல் பேட்மேனுக்குக் குரல் கொடுக்கத் தொடங்கிய கெவின் கான்ராய் இங்கேயும் தொடர்ந்தார். பின்னால் லீக்கை எதிர்த்து நிற்கப்போகும் அரசு அதிகாரி அமண்டா வாலருக்கு நடிகை சி.சி.எச். பவுண்டரின் குரல். கதவைத் தட்டாமல் உள்ளே வரும் அதிகாரம் அந்தக் குரலில் இருக்கிறது.

எண்ணிக்கையைக் கையாளும் வித்தைக்குச் சிறந்த சான்று முதல் பருவத்தின் ஏழாவது அத்தியாயம். மார்த்ரு என்ற மந்திரவாதி உலகத்தையே புரட்டிப்போட வருகிறான். சூப்பர்மேன் முதல் எல்லாரும் போர்க்களத்தில். பூஸ்டர் கோல்ட் என்ற விளம்பரப் பிரியருக்குப் பேட்மேன் கொடுக்கும் வேலை, வேடிக்கை பார்க்கும் மக்களைத் தள்ளி நிறுத்துவது. கூடவே அதே வேலையில் நின்று புலம்பும் எலாங்கேட்டட் மேன் உடம்பை நீட்டி வளைக்கத் தெரிந்தவர். நீளும் ஆள் ஏற்கெனவே ஒருவர் சண்டையில் இருக்கிறாராம், அதனால் இவர் வெளியே. ஆள் மிகுந்த அமைப்பில் இரண்டாவது ஆளுக்கு என்ன மதிப்பு என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. போகிறவர் வருகிறவர் எல்லாம் பூஸ்டரைக் கிரீன் லான்டர்ன் என்று நினைத்துக் கூப்பிடுகிறார்கள்.

இதற்கிடையே பக்கத்துத் தெருவில் ஒரு விஞ்ஞானியின் உடம்புக்குள்ளேயே கருந்துளை உருவாகி, அருகில் இருப்பதையெல்லாம் இழுத்து விழுங்குகிறது. அதைத் தடுப்பது பூஸ்டர்தான். யாரும் பார்க்கவில்லை. எல்லாம் முடிந்து களைத்து வரும் பேட்மேன், இடத்தை விட்டுப் போனதற்காக அவரைத்தான் கண்டிக்க வருகிறார். பெரிய போரோ நமக்குத் துணுக்குத் துணுக்காக, கட்டடங்களுக்கு இடையில் தெரியும் ஒளியாகத்தான் காட்டப்படுகிறது. கோடிக்கணக்கில் செலவழித்து எடுக்கவேண்டிய போர்க்காட்சியை எடுக்காமலே நல்ல அத்தியாயம் ஒன்றைச் செய்துவிட்டார்கள். சிக்கனமும் கற்பனையும் ஒரே இடத்தில் சந்தித்தால் இப்படித்தான் இருக்கும்.

அதே பருவத்தில் பின்னர் வந்த ‘அல்டிமேட்டம்’ அத்தியாயத்துக்குச் சற்றுப் பின்னணி தேவை. 1973இல் ஹன்னா-பார்பெரா நிறுவனம் இதே நாயகர்களை வைத்து ‘சூப்பர் ஃபிரண்ட்ஸ்’ என்ற தொடரைச் செய்தது. வன்முறைக் கட்டுப்பாடு கெடுபிடியாக இருந்த காலம். யாரும் யாரையும் குத்தக்கூடாது. பின்னாளில் அந்தத் தொடர் பல இனங்களைப் பிரதிநிதித்துவப்படுத்தவென்று சில புதிய நாயகர்களைச் சேர்த்தது. பழங்குடி ஒருவர், ஜப்பானியர் ஒருவர், மின்சாரம் பாய்ச்சும் கறுப்பினத்தவர் ஒருவர். நல்ல எண்ணம்தான், பாத்திரங்கள் மட்டும் அட்டையாக இருந்தன. ‘அல்டிமேட்டம்’ அவர்களின் சாயலில் அல்டிமென் என்ற அணியை உருவாக்குகிறது. மக்கள் தொடர்பு நிபுணர்கள் வளர்க்கும், பொம்மையும் விளம்பரமுமாக விற்கப்படும் அணி. பாதிக் கதையில் அவர்கள் ஆய்வுக்கூடத்தில் செய்யப்பட்டவர்கள், தங்கள் குழந்தைப் பருவ நினைவுகளே பொய், ஆயுளும் முடியப்போகிறது என்று தெரிந்துகொள்கிறார்கள். கிண்டலாகத் தொடங்கிய கதை துக்கமாக முடிகிறது. அவர்களைச் செய்த இடத்தின் பெயர் கேட்மஸ்.

கேட்மஸ்தான் இரண்டாம் பருவத்தின் முதுகெலும்பு. அமெரிக்க அரசின் ரகசியத் திட்டம். தலைவர் அமண்டா வாலர். நோக்கம், ஜஸ்டிஸ் லீக் ஒருநாள் எதிராகத் திரும்பினால் அதை எதிர்க்க ஆயுதம் தயாராக வைத்திருப்பது. சாதாரண கார்ட்டூனாக இருந்தால் வாலர் கெட்டவராக இருப்பார், கதை அங்கேயே முடிந்திருக்கும். இங்கே அவர் பயப்படுவதற்கு வலுவான காரணம் இருக்கிறது.

காரணம் பழைய தொடரிலேயே இருக்கிறது. 2003இல் வந்த ‘எ பெட்டர் வேர்ல்ட்’ என்ற கதையில் நம் நாயகர்கள் இணை உலகம் ஒன்றைச் சந்திக்கிறார்கள். அங்கே ஃபிளாஷ் கொல்லப்பட்டுவிட்டார். அதிபராகிவிட்ட தன் பரம எதிரி லெக்ஸ் லூதரைச் சூப்பர்மேன் வெள்ளை மாளிகைக்குள்ளேயே கொன்றுவிட்டு, தன் கூட்டத்தோடு நாட்டைப் பிடித்துக்கொள்கிறார். குற்றமே இல்லாத, தேர்தலும் இல்லாத உலகம். ஜஸ்டிஸ் லார்ட்ஸ் என்ற அந்தக் கூட்டத்தைத் தோற்கடிக்க நம் சூப்பர்மேனுக்கு லூதரின் ஆயுதம் தேவைப்படுகிறது. விலை, லூதருக்கு முழு மன்னிப்பு. ஆக, லூதர் சட்டப்படி சுதந்திர மனிதனாக வெளியே நடமாடுவது லீக் செய்த பேரத்தால். சூப்பர்மேனின் முகத்தைக் கொண்ட ஒருவர் சர்வாதிகாரியாக முடியும் என்பது அரசாங்கத்துக்குத் தெரிந்துவிட்டதும் அப்போதுதான். வாலர் கற்பனையான ஆபத்தைக் கண்டு பயப்படவில்லை, நடந்ததைப் பார்த்துத்தான் பயப்படுகிறார்.

அந்தப் பயத்துக்கு உருவம் கொடுத்தது முதல் பருவத்தின் ‘டார்க் ஹார்ட்’ அத்தியாயம். விண்ணிலிருந்து விழுந்த எந்திரக் கூட்டம் ஒன்று பாலைவனத்தைத் தின்றுகொண்டு பெருகுகிறது. வேறு வழியில்லாமல் வாட்ச்டவரிலிருந்து ஒரு பீரங்கியைச் சுடுகிறார்கள். எதிரி மட்டுப்படுகிறான். ஆனால் அருகே நின்று பார்க்கும் ராணுவத்துக்கு முதன்முறையாக ஒன்று புரிகிறது: வானத்தில் இருக்கும் இந்தக் கோட்டையின் பீரங்கி கீழே பார்த்தபடி இருக்கிறது. வேற்றுக்கிரகப் படையெடுப்புக்கு எதிராக என்றால் அது வெளியே அல்லவா பார்க்கவேண்டும்? ஒரு வில்லனின் சண்டைக்காட்சியில் இந்தக் கேள்வியை ஒளித்துவைத்து, அதைப் பருவம் முழுக்க வளர்த்தெடுத்தது அழகான கதைக்கட்டு.

அடுத்தடுத்த அத்தியாயங்களில் லீக் தானே வாலரின் வழக்குக்குச் சாட்சியம் சேர்க்கிறது. டூம்ஸ்டே என்ற அசுரனை விசாரணை எதுவுமின்றி வேறு பரிமாணச் சிறைக்குள் சூப்பர்மேன் தள்ளிவிடுகிறார். ‘கிளாஷ்’ அத்தியாயத்தில் லூதர் ஏழைகளுக்காக ஒரு குடியிருப்பு நகரம் கட்டித் திறக்கிறான். அதன் அடியில் இருக்கும் கருவி வெடிகுண்டு என்று சூப்பர்மேன் உறுதியாக நம்புகிறார். புதிதாகச் சேர்ந்த கேப்டன் மார்வெல், மனதளவில் பத்து வயதுச் சிறுவன், ஆதாரம் இல்லாமல் எப்படி என்று கேட்கிறான். இரண்டு பேரும் மோத, நகரம் தரைமட்டமாகிறது. கருவி வெறும் மின்சாரம் கொடுக்கும் எந்திரம். சிறு வயதிலிருந்து வணங்கிய நாயகரின் முகத்துக்கு நேரே தன் ஏமாற்றத்தைச் சொல்லிவிட்டு மார்வெல் அணியை விட்டுப் போகிறான். தொடர் முழுவதிலும் சூப்பர்மேன் இவ்வளவு சிறியவராகத் தெரிகிற இடம் வேறில்லை. திரைக்கதையில் அவருக்கு மன்னிப்பு கொடுக்கும் வசனம் எதுவும் சேர்க்காமல் விட்டதற்காகவே அந்தக் குழுவைப் பாராட்டலாம்.

இந்தக் காலத்தை மறந்துவிட்டு இதைப் படிக்க முடியாது. 2003இல் அமெரிக்கா ஈராக்கின் மேல் படையெடுத்தது. எதிரி தாக்குவான் என்ற ஊகத்தின் பேரில் நாம் முந்திக்கொண்டு தாக்கலாமா என்பது அன்றைய செய்தித்தாள்களில் தினமும் இருந்த வாதம். இந்தத் தொடர் அந்தப் போரின் பெயரைச் சொல்லவில்லை. ஆனால் இரு தரப்பும் முந்திக்கொள்ளத் துடிக்கும் அந்த மனநிலையைக் கேட்மஸ் கதை துல்லியமாகப் பிடித்திருக்கிறது. கொஸ்டியன் என்ற முகமற்ற துப்பறிவாளர் அதன் உச்சம். லூதர் அதிபரானால் சூப்பர்மேன் அவனைக் கொல்வார், உலகம் அழியும் என்று முடிவுகட்டி, அதைத் தடுக்க லூதரைத் தானே கொல்லப் போகிறார். பிறர் குற்றம் செய்யாமல் தடுக்கக் குற்றவாளியாகத் துணிகிற தர்க்கம் இது. ஜெஃப்ரி கோம்ப்ஸின் உலர்ந்த குரல் அந்தப் பைத்தியக்காரத்தனத்தை ரசிக்கவும் வைக்கிறது.

முடிச்சு அவிழும் இடம் ‘ஃபிளாஷ்பாயின்ட்’. யாரோ வாட்ச்டவருக்குள் ஊடுருவி அந்தப் பீரங்கியைச் சுடுகிறார்கள். கேட்மஸின் கைவிடப்பட்ட தலைமையகம் இருந்த இடம் பள்ளமாகிறது, சுற்றிலும் மக்கள் காயம்படுகிறார்கள். சுட்டது லூதர் என்று பார்வையாளருக்குத் தெரியும், உலகத்துக்குத் தெரியாது. லீக்கின் மூத்தவர்கள் அப்போது எடுக்கும் முடிவுதான் வித்தியாசமானது. தப்பி ஓடவில்லை, தங்கள் நிரபராதித்தனத்தை நிரூபிக்கச் சண்டை போடவில்லை, கீழே இறங்கிவந்து அரசாங்கத்திடம் சரணடைகிறார்கள். பேட்மேன் மட்டும் மறுத்துவிடுகிறார், அது அவர் சுபாவம். கேட்மஸ் அல்டிமென் பிரதிகளை அனுப்பி வாட்ச்டவரைத் தாக்க, பேட்மேன் வாலரின் முன்னால் போய் நின்று லூதரின் கைவரிசையைக் காட்டுகிறார். இருவரும் ஒரே பக்கம் வருகிறார்கள்.

பிறகு வரும் சண்டையில் லூதருக்குள் பிரைனியாக் என்ற எந்திர அறிவு புகுந்திருக்கிறது. ஃபிளாஷ் உலகைச் சுற்றி ஓடி ஓடி வேகமெடுத்து அதை உடைக்கிறார். பார்க்க அருமை. ஆனால் என் மனதில் நிற்பது அதற்குப் பிறகான பத்திரிகையாளர் கூட்டம். வாட்ச்டவரைக் கைவிட்டு லீக்கைக் கலைத்துவிடுவதாகச் சூப்பர்மேன் அறிவிக்கிறார். கூட்டத்திலிருந்து எழுந்து மறுப்பவர் வில்லாளி கிரீன் ஆரோ. முதல் அத்தியாயத்தில் இந்த ஆளைத்தான் வேண்டா வெறுப்பாக மேலே கொண்டுவந்தார்கள். தெருவில் இருக்கும் சாதாரண மனிதரைப் பெரிய அமைப்புகள் மறந்துவிடும் என்று அன்றே எரிச்சலோடு சொன்னவர். (அவர் அன்று அணியில் சேர்ந்ததற்கு உண்மையான காரணம் பிளாக் கேனரி என்ற நாயகி அந்தப் பக்கமாக நடந்துபோனதுதான் என்பதையும் சொல்லிவிடவேண்டும்.) லீக்கை நம்பாத ஒருவர் வாயால் லீக் வேண்டும் என்று சொல்லவைத்ததில்தான் அந்தப் பருவத்தின் வாதம் முழுமையடைகிறது. கூடவே லீக் பூமியில் ஓர் அலுவலகமும் திறக்கிறது. மேலே மட்டும் இருந்தது தப்பு என்பதை ஒப்புக்கொண்ட ஏற்பாடு அது.

இந்தக் கட்டமைப்பில் பலரின் கை இருக்கிறது. அவர்களில் டுவைன் மெக்டஃபியைத் தனியாகச் சொல்லவேண்டும். 1993இல் கறுப்பின நாயகர்களுக்காக மைல்ஸ்டோன் மீடியா என்ற காமிக்ஸ் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர், பின்னர் தொலைக்காட்சிக்கு வந்தவர். இந்தத் தொடரின் கதைப்பொறுப்பில் பெரும்பங்கு அவருடையது. அதிகாரத்தை யார் வைத்திருக்கிறார்கள், யார் விலை கொடுக்கிறார்கள் என்ற கேள்வியை அவர் எழுத்தில் அடிக்கடி பார்க்கலாம். 2011 பிப்ரவரியில், 49 வயதை எட்டிய மறுநாள், இறந்துவிட்டார்.

கேட்மஸ் கதைக்குப் பின்னுரையாக வந்த ‘எபிலாக்’ அத்தியாயமும் தொடரின் முடிவாகத்தான் முதலில் திட்டமிடப்பட்டது. அதில் ஏஸ் என்ற சிறுமி. பிறர் மனத்தைத் திருகும் சக்தி கொண்டவள், அரசு வளர்த்து வீணாக்கிய பிள்ளை. மூளையில் நோய் முற்றிச் சாகப்போகிறாள். சாகும்போது சுற்றியிருக்கும் எல்லாரையும் கொன்றுவிடக்கூடும் என்பதால், அவளைக் கொல்லும் கருவியோடு பேட்மேனை அனுப்புகிறார்கள். பேட்மேன் அதைப் பயன்படுத்தவில்லை. ஊஞ்சலில் அவள் பக்கத்தில் உட்காருகிறார். தனக்குக் குழந்தைப் பருவமே கிடைக்கவில்லை என்று அவள் சொல்கிறாள், பயமாக இருக்கிறது என்கிறாள். முடியும்வரை கூடவே இருக்கிறார். பிற்காலத்தில் வாலர் இதைச் சொல்லித்தான் பேட்மேன் என்ற மனிதரைத் தான் ஏன் மதித்தேன் என்று விளக்குகிறார். இருபது ஆண்டு கழித்தும் பேட்மேன் ரசிகர்கள் எடுத்துக்காட்டும் காட்சி இது. ஒரு குத்துகூட இல்லை.

மூன்றாம் பருவம் இந்த உயரத்துக்கு வரவில்லை. கேட்மஸ் போன பிறகு எதிரணியாக வில்லன்களின் பெரிய கூட்டணி ஒன்று வருகிறது. கூட்டம் பெரிது, கேள்வி சிறிது. வெளியிலிருந்தும் நெருக்கடி இருந்தது. 2004இல் ‘தி பேட்மேன்’ என்ற தனித் தொடர் தொடங்கியது, 2005இல் பேட்மேன் திரைப்படமும் வந்தது. குழப்பம் வேண்டாமென்று பேட்மேனைத் தவிர அவரைச் சார்ந்த பாத்திரங்களைப் பயன்படுத்த அனுமதி மறுக்கப்பட்டது. ஜோக்கர், பெங்குவின் யாரும் இல்லாத வில்லன் கூட்டணிக்கு என்ன மதிப்பு? தனித் தொடராக்கும் யோசனை இருந்ததால் அக்வாமேனும் முதல் பருவத்துக்குப் பிறகு காணாமல் போனார். கதையில் கூட்டம் அதிகமாக இருந்ததால் இந்த இழப்புகளைத் தாங்க முடிந்தது என்பது வேறு விஷயம். ஒருவர் கிடைக்கவில்லை என்றால் கிடங்கிலிருந்து இன்னொருவரை எடுத்துக்கொள்ளலாம்.

அந்தப் பருவத்திலும் இரண்டைத் தவறவிடக்கூடாது. ஃபிளாஷின் ஊரில் நடக்கும் ‘ஃபிளாஷ் அண்ட் சப்ஸ்டன்ஸ்’ ஒன்று. டிரிக்ஸ்டர் என்ற மனநலம் குன்றிய குற்றவாளியை மதுக்கடையில் பார்க்கும் ஃபிளாஷ் அடிக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, மருந்து சாப்பிடுவதை நிறுத்திவிட்டாயா என்று விசாரிக்கிறார். பேட்மேன் தன் முறையில் மிரட்டத் தயாராக நின்றுகொண்டிருக்கும்போதே. ‘பேட்ரியாட் ஆக்ட்’ இன்னொன்று. லீக் நாட்டுக்கு ஆபத்து என்று நம்பும் ஜெனரல் ஐலிங் தன்னையே அசுரனாக மாற்றிக்கொண்டு வருகிறார். பெரிய தலைகள் யாரும் ஊரில் இல்லை. எதிர்த்து நிற்பவர்களில் பெரும்பாலோருக்குச் சிறப்புச் சக்தி எதுவும் கிடையாது. இறுதியில் அவரை நிறுத்துவது அடியுதை அல்ல, குறுக்கே வந்து நிற்கும் சாதாரண மக்கள். அசுரன் இங்கே யார் என்று அவர்கள் கேட்கும்போது ஜெனரலிடம் பதில் இல்லை.

மொத்தம் 39 அத்தியாயங்களுடன் 2006 மே 13 அன்று தொடர் முடிந்தது. அதற்குப் பிறகு 2010இல் ‘யங் ஜஸ்டிஸ்’ வந்து, இதே அளவு கூட்டத்தை இன்னும் சிக்கலான தொடர்கதையாக ஆக்கியது. 2024 நவம்பரில் டிசி காமிக்ஸ் இதே பெயரில், எல்லா நாயகர்களும் வாட்ச்டவரில் கூடும் மாத இதழைத் தொடங்கியது. காமிக்ஸிலிருந்து கார்ட்டூன் பிறந்தது போய், கார்ட்டூனிலிருந்து காமிக்ஸ் கடன் வாங்கியிருக்கிறது.

புதிதாகப் பார்க்க விரும்புகிறவர்கள் வரிசையாக முதலிலிருந்து தொடங்கவேண்டும் என்பதில்லை. முந்தைய தொடரின் ‘எ பெட்டர் வேர்ல்ட்’ இரண்டு பாகங்களையும் மட்டும் பார்த்துவிட்டு, பூஸ்டர் கோல்டின் கதைக்குத் தாவி, ‘அல்டிமேட்டம்’, ‘டார்க் ஹார்ட்’ வழியாக இரண்டாம் பருவத்துக்குள் நுழைந்தால் போதும். பெயர் தெரியாத நாயகர்கள் குறுக்கே வந்தால் யார் என்று தேடிக்கொண்டிருக்க வேண்டாம். அவர்களை எடுத்தவர்களும் எல்லாருக்கும் கதை எழுதி வைக்கவில்லை.